பக்கத்தில் சர்ஃபிங் செய்பவர் தண்ணீரில் தத்தளித்தால் நாமே காப்பாற்றப் போகலாமா?

போகலாம். பல சமயம் உங்களைவிட்டால் அங்கே வேறு ஆளே இருக்காது. ஆனால் நீங்கள் அலைமேல் சறுக்கும் சர்ஃப் பலகையை விட்டுவிட்டு வெறுங்கையோடு நீந்திப் போகாதீர்கள். பயந்தவர் கையில் எது அகப்பட்டாலும் அதன்மேல் ஏறப் பார்ப்பார். அது உங்கள் தலையாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. கைக்கு எட்டாத தூரத்தில் நின்று பலகையை அவர் பக்கம் தள்ளுங்கள். அதைப் பிடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்கியதும் பெரும்பாலானவர்கள் சொன்னதைக் கேட்பார்கள்.

மயங்கிக் கிடந்தால் கதையே வேறு. முதலில் முகத்தை நீருக்கு மேலே திருப்புங்கள். உங்கள் இருவருக்கும் நடுவே பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அவர் கைகளை அதன் குறுக்கே இழுத்துப் பிடியுங்கள். அவர் பக்கத்து விளிம்பைப் பற்றி உங்களை நோக்கிப் புரட்டினால் அவர் நெஞ்சு பலகைமேல் வந்துவிடும். பிறகு கால்களை ஏற்றி நேராக்கலாம். படிக்கச் சுலபம்தான், அமைதியான நீரில் பழகாமல் அலைக்கு நடுவே இது கைவராது.

மூச்சும் இதயமும் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி, வாய்வழி மூச்சு ஊதிச் செய்யும் முதலுதவியான சி.பி.ஆரும் கற்றுக்கொள்ளுங்கள். 2013-இல் போர்ச்சுகலின் நசாரேயில் ராட்சத அலையில் விழுந்து மயங்கிய பிரேசில் சர்ஃபர் மாயா கபேராவைக் கரைக்குக் கொண்டுவந்து சி.பி.ஆர் செய்தவர், உடன் சென்ற சர்ஃபர் கார்லோஸ் பர்லேதான்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் இழுப்பு நீரோட்டத்தில் மாட்டினால் அதை எதிர்த்துக் கைகளால் துடுப்புப் போடாமல் பக்கவாட்டில் விலகுங்கள். இருவரும் பலகையிலேயே இருந்து, ஒருவர் கையை உயர்த்தி அசைத்து உதவி கேளுங்கள்.

கரையேறியபின் "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொன்னாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.