மகளுக்கு எந்தத் தற்காப்புக் கலை? ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கட்டலாமா?

கேள்வி: எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த என் மகள் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். கம்பெனி பஸ் தோட்ட முச்சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து செம்பனை ஓரமாகவே வீட்டுக்கு நடக்க வேண்டும். இரவு ஷிப்ட் என்றால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. எங்கள் பட்டணத்தில் தேக்குவாண்டோவும் சிலம்பமும் கற்றுத் தருகிறார்கள். ஈப்போவில் ஒரு முவே தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) ஜிம்மில், ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் கழிவு உண்டாம். எதில் சேர்ப்பது?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முதலில் அந்த ஓராண்டுப் பணத்தைக் கட்டாமல் வையுங்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கலையின் பெயரைவிட, வகுப்பில் எப்படிப் பழக்குகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். காற்றில் குத்துவதும் உதைப்பதும் உடம்புக்கு நல்லது. ஆனால் ஒருவன் கையைப் பிடித்து இழுக்கும்போது அது மட்டும் போதாது. எதிரில் நிற்பவர் விட்டுக்கொடுக்காமல் பிடிக்கவும் தள்ளவும் முயல, அதைச் சமாளித்துப் பழகியிருக்க வேண்டும். ஒரு நாள் மகளோடு போய் முழு வகுப்பையும் உட்கார்ந்து பாருங்கள். மூத்த மாணவர்கள் இப்படி மோதிப் பழகுகிறார்களா? பெண்கள் இருக்கிறார்களா? ஒருவர் 'போதும்' என்றதும் மற்றவர் உடனே விடுகிறாரா? பார்க்கவே அனுமதிக்காத இடத்தில் சேர்க்காதீர்கள்.

சிலம்பத்தில் காலடியும், எதிராளி நிற்கும் தூரத்தைக் கணிப்பதும் நன்றாகப் படியும். நம் பிள்ளைகள் அதைக் கற்க வேண்டும் என்பது என் ஆசையும்கூட. ஆனால் வேலை முடிந்து வரும் பெண்ணின் கையில் கம்பு இருக்காதே. வெறுங்கையால் மோதும் குத்துவரிசையும் சொல்லித் தருவாரா என்று ஆசானிடம் கேளுங்கள். தேக்குவாண்டோ 2000 முதல் ஒலிம்பிக் பதக்க விளையாட்டு. அந்தப் போட்டி விதிப்படி முகத்தில் குத்தக்கூடாது, எதிராளியைப் பிடிக்கவும் கூடாது. பதக்கத்துக்காக மட்டும் பழக்கும் வகுப்பில், பிடியிலிருந்து விடுபடும் பயிற்சி குறைவாகவே இருக்கும். முவே தாயில் முழங்கை, முழங்கால், கழுத்தைக் கட்டிப் பிடித்து மல்லுக்கட்டுவது எல்லாம் உண்டு. நெருக்கத்தில் அதுதான் உதவும். ஜூடோ வகுப்பு கிடைத்தால் அதையும் பாருங்கள்; பிடியைச் சமாளிப்பதும், அடிபடாமல் விழுவதும் அங்கே முதல் பாடம்.

மகளால் ஷிப்டுக்கு நடுவே வாரம் இரண்டு முறை ஈப்போ போக முடியும் என்றால், முவே தாய்க்கே என் வாக்கு. முடியாது என்றால், உள்ளூரில் மோதிப் பழக்கும் வகுப்பில் சேருங்கள். தூரத்தால் பாதியில் நின்றுபோகும் பயிற்சியால் பயனில்லை.

எந்தக் கலை கற்றாலும் இதை மகளிடம் சொல்லுங்கள்: மோட்டாரில் வந்து பையைப் பறித்தால் விட்டுவிட வேண்டும். பையை விடாமல் பிடித்துச் சாலையில் இழுபட்டு, உயிரையே இழந்த பெண்கள் இருக்கிறார்கள். பையைச் சாலைப் பக்கம் மாட்டக்கூடாது. தப்பி ஓட வழி இருந்தால் ஓட வேண்டும், சத்தம் போட வேண்டும், 999-ஐ அழைக்க வேண்டும். தற்காப்பு உரிமையை மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தாக்க 99-ஆம் பிரிவு இடம் தராது.

சரி, இப்போது பணம். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், கழிவு போனாலும் பரவாயில்லை. சீருடை, பெல்ட் தேர்வு, சங்கச் சந்தா, கையுறை எல்லாவற்றுக்கும் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருக்கும் இடத்தில் இவையே அதிகமாகிவிடும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, இப்படித் தொடர்ந்து பெறும் சேவைக்கான ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம். மொத்தத் தொகையில் 5 விழுக்காடு, அதுவரை பெற்ற பயிற்சியின் மதிப்பு, வைத்துக்கொண்ட பொருள்களின் விலை ஆகியவற்றை மட்டுமே அவர்கள் பிடிக்கலாம். 'பணம் திரும்பத் தரப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ரத்து செய்வதை எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி மனுப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை.