நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

*"ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யல் கரையில் எங்கள் தோட்டம். கிணறு உப்பாகித் தென்னை எல்லாம் கருகிவிட்டது. இரண்டு வருடம் முன்பு ஒரே மகனும் விபத்தில் போய்விட்டான். அவன் நட்ட வேம்பு மட்டும் நிற்கிறது. அந்தப் பக்கமே நான் போவதில்லை. போன மாதம் கோயிலில், தேவன் உலகத்தைப் படைத்ததைச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். 'மிகவும் நன்றாயிருந்தது' என்ற இடத்தில் நா எழவில்லை. பாதியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். இது அவிசுவாசமா?"*
– காங்கேயம் பக்கத்து வாசகி

அம்மிணி, அவிசுவாசம் இல்லைங்க. மனசில் இல்லாததைச் சொல்ல நாக்கு கூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் நிறுத்திய அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே ஆழத்தின்மேல் இருள் இருக்கிறது. 'வெளிச்சம் நல்லது என்று தேவன் கண்டார்' என்று அதற்கப்புறம்தான் வருகிறது. இருளே தெரியாத ஒருவர் சொன்ன 'நல்லது' இல்லை அது. நாள் கணக்கும் சாயங்காலத்தில்தான் தொடங்குகிறது, கவனித்தீர்களா?

நான்காம் நூற்றாண்டில் அகுஸ்தீன் என்றொருவர் இருந்தார். ஒளி ஒரு சக்தி, இருள் அதற்குச் சமமான இன்னொரு சக்தி என்று போதித்த மானி மதத்தில் ஒன்பது வருடம் போல இருந்துவிட்டு வந்தவர். தீமை தனியாக ஒரு பொருளே இல்லை, நன்மை குறைந்துபோனதுதான் தீமை என்று பிறகு எழுதினார். படித்தபோது எனக்கு இது வெறும் வார்த்தை ஜாலமாகத்தான் பட்டது. நம் ஊர்ப் பேச்சை வைத்து யோசித்த பிறகுதான் பிடிபட்டது. குடிக்கிற தண்ணீரை நாம் 'நல்ல தண்ணி' என்றுதானே சொல்கிறோம்? (பாம்பையும் 'நல்ல பாம்பு' என்கிறோம், அது வேறு கதை.) உங்கள் கிணற்றில் வாளியை விட்டு எடுத்து ஒரு வாய் வைத்ததும் முகம் சுளிக்கிறதே, ஒரு காலத்தில் அதே கிணற்றில் குடித்த நல்ல தண்ணி நாக்குக்கு ஞாபகம் இருப்பதால்தான். உப்பு புதிதாய் ஒரு உலகத்தை உண்டாக்கிவிடவில்லை. இருந்ததைக் கெடுத்திருக்கிறது.

கெடுத்தது யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது 'எல்லாம் தேவ சித்தம்' என்று ஆறுதல் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய அணையில் உப்பு ஏறிய சாயக்கழிவு வந்து தேங்கியது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அது மனுஷன் செய்த வேலை. அதைக் கர்த்தர் தலையில் கட்ட வேண்டாம்.

மகன் விஷயம் அப்படியில்லை. அதற்கு விளக்கம் என்னிடம் இல்லை, இருப்பதாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம். செத்துப்போன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு அழுதார். மரணம் நல்லது என்று அவருக்கே தோன்றவில்லை. உங்களுக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

இப்போதைக்கு ஆதியாகமத்தை விட்டுவிடுங்கள். 88-ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். கடைசி வரி வரை இருட்டுதான், முடிவில் ஒரு நம்பிக்கை வார்த்தையும் சேர்க்காமல் அப்படியே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அப்புறம் என்றைக்காவது 104. அதில் இருளும் அவர் கட்டளையில் வருகிறது, காட்டு ஜீவன்கள் அந்த இருட்டில்தான் நடமாடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சபையார் சேர்ந்து 'விசுவாசிக்கிறேன்' என்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாய் வராவிட்டால் சும்மா நில்லுங்கள். பக்கத்தில் நிற்கிறவர்கள் உங்களுக்கும் சேர்த்துச் சொல்வார்கள். சபை என்று எதற்கு இருக்கிறது?

இன்னொன்று. அந்த உப்பு மண்ணில் அந்த வேம்பு எப்படியோ பிழைத்திருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொண்டு போய் அதன் நிழலில் போட்டு உட்காருங்கள். ஜெபம் வந்தால் ஜெபியுங்கள். வராவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு வாருங்கள்.