கரண்ட் இருந்தும் பூஜ்யம் காட்டும் மீட்டர்

கேள்வி: நான் மின்பணியாளர். நான் பயன்படுத்தும் கிளாம்ப் மீட்டரின் (கம்பியைக் கவ்விப் பிடித்து மின்சாரத்தை அளக்கும் கருவி) குறிப்பிட்ட சில தொகுதிகளைத் தயாரிப்பு நிறுவனம் திரும்பப் பெறுவதாக அறிவித்திருக்கிறது. மின்னழுத்தம் உள்ள இடத்திலும் அது சில வேளைகளில் பூஜ்யம் காட்டக்கூடும் என்பதே காரணம். என்னுடையது இதுவரை சரியாகவே காட்டுகிறது. மாற்றுக் கருவி வரும்வரை இதையே பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்த வேண்டாம், இன்றே ஒதுக்கிவைத்துவிடுங்கள். திரை எரியாமல் நின்றுபோன மீட்டரை யாரும் நம்புவதில்லை, அதனால் அது பெரிய ஆபத்தும் இல்லை. கரண்ட் ஓடும் லைனில் பூஜ்யம் காட்டும் மீட்டரோ, கையுறையைக் கழற்றி வெறுங்கையால் கம்பியைத் தொடுவதற்கு அனுமதி கொடுத்துவிடுகிறது.

இதுவரை சரியாகக் காட்டியது என்பதை உறுதிமொழியாகக் கொள்ள முடியாது. டெஸ்ட் லீட் எனப்படும் சோதனைக் கம்பியைச் செருகும் துளைக்கும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கும் இடையிலான இணைப்பு தளர்ந்திருந்தால், கருவி அசையும்போதோ சூடேறும்போதோ மட்டும் தொடர்பு அறுந்து, அடுத்த நொடியே மீண்டும் சேர்ந்துகொள்ளும். காலையில் சரியாகக் காட்டிய மீட்டர் மாலையில் பொய் சொல்வது இப்படித்தான். மூடியைத் திறந்து நீங்களே பற்றவைக்கவும் முயல வேண்டாம், ஏனெனில் உள்ளிருக்கும் காப்பு இடைவெளிகள் கலைந்தால் அதன் பாதுகாப்புத் தரமே போய்விடும்.

அறிவிப்பில் உள்ள மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் உங்கள் கருவியில் இருப்பவற்றோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் பேட்டரியைக் கழற்றி, ‘பயன்படுத்தாதீர்’ என்று எழுதி ஒட்டி, நிறுவனம் சொல்லும் வழியில் திருப்பி அனுப்புங்கள்.

அதுவரை, கம்பியைத் தொடாமலே கரண்டை உணரும் பேனா வடிவ டெஸ்டரை வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அது மாறுதிசை மின்சாரத்தின் மின்புலத்தை மட்டுமே உணர்வதால், உலோக உறையிட்ட கேபிளிலும் நேர்திசை மின்சாரத்திலும் மௌனமாக இருந்துவிடும். ஐஇசி 61243-3 என்ற சர்வதேசத் தரத்துக்கு ஏற்ற, இரண்டு முனைகள் கொண்ட மின்னழுத்தச் சோதனைக் கருவியை இரவலாகவாவது பெற்றுக்கொள்ளுங்கள். அது பணியிடத்துக்கு உரிய கேட் (CAT) மதிப்பு, அதாவது எந்த வகை இடத்தில் பாதுகாப்பாக அளக்கலாம் என்பதைக் காட்டும் குறியீடு, உடையதா என்றும் பாருங்கள்: கட்டடத்துக்குள் இருக்கும் விநியோகப் பலகைக்குக் கேட் 3, வெளியிலிருந்து மின்சாரம் நுழையும் இடத்துக்குக் கேட் 4.

எந்தக் கருவியானாலும், கரண்ட் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் முதலில் அதைச் சோதித்து, பிறகு பணி செய்யும் லைனில் சோதித்து, உடனே பழைய இடத்தில் மறுபடியும் சோதியுங்கள். இடையில் கருவி செயலிழந்ததை அந்த மூன்றாவது சோதனையே காட்டிக்கொடுக்கும். பலர் தவிர்ப்பதும் அதைத்தான். சுயசோதனைப் பொத்தான் சில கருவிகளில் பேட்டரியையும் விளக்கையும் மட்டுமே சரிபார்ப்பதால், இந்தச் சோதனைக்கு அது மாற்றாகாது.

அதே தொகுதியில் வாங்கிய மீட்டரை எவருக்காவது இரவல் கொடுத்தோ விற்றோ இருந்தால், அவருக்கும் இன்றே தெரிவித்துவிடுங்கள். வரிசை எண் அழிந்துபோயிருந்தால், நிறுவனம் பதில் தரும்வரை அதையும் பழுதானதாகவே கருத வேண்டும்.