பதில் தெரிந்த கேள்வியை அறுநூறு பக்கம் கேட்ட புத்தகம்

கேள்வி: நீண்ட ஃபேன்டஸி தொடர்களில் உங்களை அதிகம் ஏமாற்றிய பாகம் எது? அதோடு அந்தத் தொடரை விட்டுவிட்டீர்களா?

இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ தொடரில் பத்தாவது பாகம், ‘கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்’. இந்தத் தொடரைப் படித்தவர்கள் நாலு பேர் கூடினால் எந்தப் பாகம் சிறந்தது என்பதில் ஒத்துப்போகவே மாட்டார்கள். எது மோசம் என்று கேட்டால் மூன்று பேராவது இதைச் சொல்வார்கள். நான்காவது ஆள் இதைப் படிக்காமல் தாண்டிப் போனவராக இருப்பார்.

(கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

தெரியாதவர்களுக்கு ஒரு சுருக்கம். முதல் பாகம் வந்தது 1990 இல். பதினான்காவது பாகத்தோடு 2013 இல் முடிந்தது. இடையில் 2007 இல் ஜோர்டன் இறந்துவிட்டார். அவர் எழுதி வைத்திருந்த பகுதிகளையும் குறிப்புகளையும் வைத்துக் கடைசி மூன்று பாகங்களை முடித்துக் கொடுத்தவர் பிராண்டன் சாண்டர்சன். நம்முடைய பத்தாவது பாகம் 2003 ஜனவரியில் வந்தது.

அதன் மேல் ஏன் இத்தனை கோபம் என்று புரிய வேண்டுமானால் ஒன்பதாவது பாகமான ‘விண்டர்ஸ் ஹார்ட்’ எப்படி முடிந்தது என்று தெரிய வேண்டும். இந்த உலகத்தில் மந்திர சக்திக்கு ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு உண்டு. ஆண் பாதியான சைதீன், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் கறைபட்டுக் கிடக்கிறது. அதைத் தொட்டுப் பயன்படுத்துகிற ஆண் எவனாக இருந்தாலும் கடைசியில் பித்துப் பிடித்துத்தான் போவான். நாயகன் ரேண்டும் அதைத் தொட்டவன்தான், அதனால் இவனுக்கு எப்போது புத்தி பேதலிக்குமோ என்ற பயத்தோடுதான் பாகம் பாகமாகப் படித்து வருகிறோம். ஒன்பதாவது பாகத்தின் கடைசி அத்தியாயத்தில் ரேண்டும் அவன் ஊர்க்காரியான நைனீவும் சேர்ந்து அந்தக் கறையைக் கழுவிவிடுகிறார்கள். சபிக்கப்பட்ட ஷாடார் லோகோத் நகரம் இருந்த இடத்தில் ஒரு பெரும்பள்ளம்தான் மிஞ்சுகிறது. புத்தகம் அங்கே முடிகிறது.

இது 2000 நவம்பரில். அடுத்த பாகத்துக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்த வாசகர் அதை எந்த எதிர்பார்ப்போடு திறந்திருப்பார்? கறை போய்விட்டது, இனி என்ன? ரேண்ட் என்ன ஆனான்? உலகம் எப்படி மாறப்போகிறது?

ஜோர்டன் செய்தது இது. கதையை அந்த நாளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். மற்ற முக்கியப் பாத்திரங்களான மேட்டின் கதை, பெரினின் கதை, எலேய்னின் கதை, எக்வீனின் கதை என்று ஒவ்வொன்றையும் எடுத்து, கறை நீங்கிய அந்த நாள் வரை நடத்திக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கதையிலும் யாராவது ஒருவர் தூரத்தில் ஏதோ ஒரு பிரம்மாண்டமான சக்தி எழுவதை உணர்கிறார், திகைக்கிறார், ‘அது என்னவாக இருக்கும்?’ என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிறார். அப்புறம் கதை அடுத்தவரிடம் போகிறது, நாள்காட்டி பின்னால் போகிறது, மறுபடி அதே திகைப்பு, அதே கேள்வி.

பதில் நமக்குத் தெரியும். போன புத்தகத்திலேயே பக்கத்தில் நின்று பார்த்துவிட்டோம்.

இந்த உத்தியே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதில் ஒரு தனிச் சுவை உண்டு. திரைச்சீலைக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்திருப்பது நமக்குத் தெரியும், உள்ளே நுழைகிறவனுக்குத் தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். ஆனால் அதில் ஆபத்து இருக்க வேண்டும், தெரியாததால் அவன் ஏதாவது தவறு செய்ய வேண்டும். இங்கே பலரும் திகைத்துவிட்டு, குளிக்கவோ தேநீர் குடிக்கவோ போய்விடுகிறார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. எலேய்னின் குளியல் தொட்டி இந்தத் தொடரின் வாசகர்களிடையே அவள் உட்கார ஆசைப்படும் சிம்மாசனத்தை விடப் பிரபலம்.

எனக்கு இந்தப் புத்தகம் கிடைத்த விதம் கொஞ்சம் வேறு. என் பெரியப்பா மகன், எனக்குப் பத்து வயது மூத்தவர், ஒவ்வொரு பாகமும் வர வர வாங்கிப் படித்தவர். பத்தாவதைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, “எனக்கு இது போதும்டா” என்று ஒட்டுமொத்தத் தொடரையும் என்னிடம் தள்ளிவிட்டார். நான் பத்தாவதுக்கு வந்து சேர்ந்தபோது பதினான்கு பாகமும் வெளிவந்திருந்தன. எனக்கு அது ஒரு வாரச் சலிப்பு. அவரைப் போன்றவர்களுக்கோ இரண்டு ஆண்டுக் காத்திருப்பு, அதன் முடிவில் இந்தப் புத்தகம், அதற்கப்புறம் பதினோராவதுக்காக இன்னும் மூன்று ஆண்டு. அதற்கு நடுவில் 2004 இல் ஜோர்டன் முன்கதை ஒன்றை வேறு வெளியிட்டார். நல்ல புத்தகம்தான். ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த வீட்டில் போய் நேற்றைய மோரை நீட்டினால் யார் வாங்குவார்கள்?

இந்தப் பாகத்தைப் பற்றிய கருத்துகள் இவ்வளவு மாறுபடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ‘அவ்வளவு மோசமில்லையே’ என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடுத்த பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தவர்களாக இருப்பார்கள். காத்திருந்தவர்களின் கோபம் இந்த ஒரு புத்தகத்தின் மேல் மட்டும் வந்ததும் இல்லை. ஏழாவது பாகத்தில் (1996) மேட் இடிந்து விழும் சுவருக்கு அடியில் மாட்டிக்கொள்கிறான். எட்டாவது பாகத்தில் (1998) அவன் வரவே இல்லை. அவன் பிழைத்தானா என்று தெரிய 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரினின் மனைவி ஃபாயீலை எதிரிக் கூட்டமான ஷைடோக்கள் எட்டாவது பாகத்தின் இறுதியில் பிடித்துப் போகிறார்கள். அவள் மீட்கப்படுவது பதினோராவது பாகத்தில், 2005 இல். கதைக்குள் சில மாதங்கள்தான். படித்தவர்களுக்கு ஏழு ஆண்டு. இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து பத்தாவது பாகத்தின் தலையில் இறங்கியது.

இந்த நடுப்பகுதிக்கு ஆங்கில வாசகர்கள் ‘ஸ்லாக்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். சேற்றில் கால் புதையப் புதைய நடப்பது மாதிரியான படிப்பு. எங்கே தொடங்குகிறது என்பதில் சண்டை உண்டு. சிலர் ஏழிலிருந்து என்பார்கள், சிலர் எட்டிலிருந்து. பத்தில் வந்து எல்லாரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.

சரி, காத்திருப்பை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்தால்? அப்போதும் குறை இருக்கிறது. நாயகன் ரேண்ட் இந்தப் புத்தகத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகிறான், அவ்வளவுதான். உலகத்தையே புரட்டிப்போட்ட காரியத்தைச் செய்தவன் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிய ஒரே ஒரு அத்தியாயம். எலேய்னின் வாரிசுரிமைப் போராட்டம் ஒன்பதாவதில் தொடங்கி இங்கே செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. எந்தப் பிரபு எந்தப் பக்கம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன். கடைசியில் அந்தக் காகிதம் புத்தகக் குறியாகப் பயன்பட்டது. முன்பெல்லாம் இரண்டு வரியில் முடிகிற ஆடை வர்ணனை இதில் ஒரு பத்திக்கு நீள்கிறது. மந்திர சக்தி உள்ள பெண்களான ஐஸ் செடாய்கள் பாவாடைச் சுருக்கத்தை நீவிவிடும் எண்ணிக்கையை நான் எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன்.

கதை மாந்தர் பெருகியதுதான் அடிப்படைச் சிக்கல். ஐந்தாறு பெரிய கதைகள், ஒவ்வொன்றும் தனி நாவல் அளவுக்கு வளர்ந்துவிட்டவை. ஒன்றை ஓடவிட்டால் மற்றவை பின்தங்கும், எல்லாவற்றையும் நகர்த்தினால் ஒவ்வொன்றும் அங்குலம் அங்குலமாகத்தான் நகரும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினுக்கும் இதே தலைவலி வந்தது. 2005 இல் வந்த ‘எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்’ பாகத்தில் அவர் பாத்திரங்களையே இரண்டாகப் பிரித்துவிட்டார். ஜான், டீரியன், டெனேரிஸ் மூவரின் அத்தியாயங்களும் அதில் கிடையாது, அவை அடுத்த பாகத்தில். அந்த அடுத்த பாகம் வர 2011 ஆனது. அதற்கும் திட்டு விழுந்தது. ஆனால் இப்போது அந்த இரண்டு பாகங்களின் அத்தியாயங்களையும் கலந்து ஒரே புத்தகம்போல் படிக்க வாசகர்களே வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள், அப்படிப் படித்தால் நன்றாகவே இருக்கிறது. ஜோர்டனின் பத்தாவதை அப்படிக் கலைத்து அடுக்க முடியாது. வரிசையை எப்படி மாற்றினாலும் நமக்குப் பதில் முன்பே தெரிந்துவிட்டதே. அந்தக் கால அமைப்பை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்ற பொருளில் ஜோர்டனே பின்னால் பேசியிருக்கிறார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அதனால்தான்.

இந்தப் பாகத்துக்காக வாதாடுகிறவர்களும் உண்டு. அவ்வளவு பெரிய உச்சக்கட்டத்துக்கு அப்புறம் கதைக்கு மூச்சுவிட இடம் வேண்டும், ஒரு மகத்தான நிகழ்ச்சி அதைப் பார்க்காதவர்களுக்கு வெறும் வதந்தியாகத்தான் வந்து சேரும், அதைக் காட்டியதுதான் அழகு என்பது அவர்கள் கட்சி. இரண்டாம் முறை படித்தபோது எனக்கும் இதில் பாதி சரி என்று பட்டது. மேட்டும் டுவானும் சர்க்கஸ் கூட்டத்தோடு பயணம் செய்கிற அத்தியாயங்கள் எந்த நல்ல பாகத்திலும் சேரக்கூடியவை. தன் மனைவியாகப் போகிறவள் என்று குறிசொல்லப்பட்டவளைக் கடத்திக்கொண்டு போகிறவன், அவளிடமே அசடு வழிந்துகொண்டு நிற்கிறான். ஜோர்டனுக்கு நகைச்சுவை வராது என்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். எக்வீன் துறைமுகச் சங்கிலியை மந்திரத்தால் மாற்றப் போய் எதிரிகள் கையில் சிக்குவதும் நல்ல முடிவுதான். ஆனால் புத்தகத்தின் கடைசியில் வருகிற முடிவு அது, அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

என்னைப் பொறுத்தவரை இந்தப் புத்தகம் உயிரோடு இருப்பது பெரினின் ஒரு காட்சியால். முதல் பாகத்தில் எலையாஸ் என்பவர் அவனிடம் சொல்கிறார், இந்தக் கோடரியை நீ வெறுக்கிற வரைக்கும் வைத்துக்கொள், வெறுப்பு போய்விட்டால் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிடு என்று. 1990 இல் சொன்னது. 2003 இல், மனைவியைத் தேடும் வெறியில் பெரின் ஒரு கைதியின் கையை அதே கோடரியால் வெட்டுகிறான், நிதானமாக. பிறகு கோடரியை ஒரு மரத்தில் பாய்ச்சிவிட்டு நடந்துபோகிறான்.  பதிமூன்று வருடம் ஒரு வாக்கியத்தைக் கையில் பொத்தி வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு: நான் விடவில்லை. விட்டிருந்தால் பதினோராவது பாகமான ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ போயிருக்கும். ஃபாயீல் மீட்பு, எலேய்னின் சிம்மாசனம், மேட்டின் திருமணம் என்று வருடக்கணக்காக இழுத்த எல்லாமே அதில் முடிச்சவிழ்கிறது. பத்தாவதில் சிக்கித் தவிப்பவர்களுக்கு என் யோசனை, எலேய்ன் பகுதிகளை மேலோட்டமாகப் புரட்டுங்கள், மேட்டையும் பெரினையும் முழுதாகப் படியுங்கள், கடைசி அத்தியாயத்தை விட்டுவிடாதீர்கள். தூய்மைவாதிகள் என்னை அடிக்க வரலாம்.

அண்ணன் 2013 இல் கடைசிப் பாகம் வந்த பிறகு மறுபடி ஆரம்பித்தார். பத்தாவதைத் தொடவே மாட்டேன் என்று நேராகப் பதினோராவதில் குதித்தார். இரண்டாவது நாள் ராத்திரி போன் வந்தது.

“டேய், பெரின் சுத்தியலை வச்சுக்கிட்டு திரியிறான். கோடாலி எங்கடா போச்சு?”

“நீங்க மூடி வச்ச புத்தகத்துலதான் இருக்கு அண்ணே.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எத்தனையாவது அத்தியாயம் என்று கேட்டார்.