கேளுங்கள், பேசலாம்: ஆறாம் எண்ணுக்கு நேரே ஒன்றும் எழுதாதீர்கள்

கேள்வி: காலையில் எழுந்ததும் தியானம், பத்து நிமிடம் டைரி, முகத்துக்கு ஒன்று, கூந்தலுக்கு ஒன்று, படுக்கும் முன் புத்தகம் என்று பட்டியல் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்தத் தாளைப் பார்த்தாலே எரிச்சல். அலுவலக வேலை, வீட்டு வேலை, அதற்கு மேல் என்னையே கவனித்துக்கொள்ளும் மூன்றாவது வேலை என்று ஆகிவிட்டது. 'செல்ஃப் கேரை விளையாட்டாகச் செய்ய வேண்டும்' என்கிறாள் தோழி. செய்ய வேண்டும் என்று சொன்ன உடனேயே விளையாட்டு போய்விடுகிறதே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: பதிலில் பாதியைக் கடைசி வரியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள். யோஹான் ஹூயிசிங்கா என்ற டச்சு வரலாற்றாசிரியர் 1938-இல் விளையாட்டைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். விளையாட்டுக்கு அவர் சொல்லும் முதல் அடையாளம், அதை ஒருவர் தானாக விரும்பிச் செய்ய வேண்டும் என்பது. உத்தரவு போட்டு ஆட வைத்தால் அது விளையாட்டு மாதிரி ஏதோ ஒன்றாக இருக்குமே தவிர விளையாட்டாக இருக்காது என்கிறார். உங்கள் ஃப்ரிட்ஜ் தாள் உத்தரவுதான், ஓரத்தில் வண்ணப் பேனாவால் பூ வரைந்திருந்தாலும் உத்தரவுதான். முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள்.

அப்புறம் ஒரு பகடை தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆறு துண்டுச் சீட்டு போதும். ஒன்று முதல் ஐந்து வரை உங்களுக்குப் பிடித்த, இரண்டு நிமிடத்தில் முடிகிற, உடம்போடு சம்பந்தப்பட்ட ஐந்து காரியங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஆறுக்கு நேரே ஒன்றும் எழுதாதீர்கள். ஆறு விழுந்தால் அன்றைக்கு விடுமுறை, குற்ற உணர்ச்சி கிடையாது, ஏனென்றால் அதுவும் ஆட்டத்தின் விதி. விழுந்தது பிடிக்காவிட்டால் இன்னொரு முறை உருட்டிக்கொள்ளலாம். ஒரு காரியம் சலித்துப்போனால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இவ்வளவுதான் சட்டம். நாள் முழுக்க எதையாவது முடிவு செய்துகொண்டே இருக்கும் ஒருவருக்கு, இன்று என்ன செய்யலாம் என்று யோசிக்கிற பொறுப்பைக் கொஞ்ச நேரம் யாரிடமாவது, ஒரு பகடையிடமாவது, கொடுத்துவிடுவதே பாதி ஓய்வு.

ஐந்தில் என்ன எழுதுவது? நான் இரண்டைச் சொல்கிறேன், மிச்சம் உங்கள் கற்பனை.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சுருதியை மெல்ல மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏதோ ஓர் இடத்தில் சத்தம் திடீரென்று பருத்து, நாலு பக்கச் சுவரும் கூடச் சேர்ந்து முனகுவது போல இருக்கும். சின்ன அறைகள் சில அலைவரிசைகளை மட்டும் பெருக்கிக் காட்டும், அறையின் நீள அகலத்தைப் பொறுத்து அந்த இடம் மாறும். உங்கள் குளியலறையின் சுருதியைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். இதில் ஒரு லாபமும் ஒளிந்திருக்கிறது: முனகும்போது மூச்சு தானாகவே நீளமாக வெளியே போகிறது, மூச்சை வெளியே விடும் நேரத்தில் இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும். மூச்சுப் பயிற்சி என்று பெயர் வைத்தால் தள்ளிப்போடுகிற ஆள் இதைச் சிரித்துக்கொண்டே செய்துவிடுவார்.

இன்னொன்று, கைக்கு க்ரீம் தடவுவது. வழக்கமாக அவசரமாகத் தேய்த்துவிட்டுப் போவோம். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையின் கட்டைவிரலால் மறு கையைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்வது போலத் தடவிப் பாருங்கள். எந்த நகத்தின் ஓரம் சொரசொரப்பாக இருக்கிறது, நடுவிரலின் பக்கவாட்டில் பேனா அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு இன்னும் இருக்கிறதா, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே எந்த இடத்தில் அழுத்தினால் 'அப்பாடா' என்று வருகிறது. இரண்டு நிமிடம் போதவே போதாது என்று தோன்றும். தோன்றினாலும் நிறுத்திவிடுங்கள், நாளைக்கும் ஆசை மிச்சமிருக்கட்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மாத்திரை, தூக்கம், பல் துலக்குவது இதையெல்லாம் பகடையில் போடாதீர்கள். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதை அதிர்ஷ்டத்திடம் விட முடியாது. பகடை எல்லாம் அதற்கு மேலே வருகிற சங்கதிக்கு.

கேள்வி: செல்போனில் ஒரு செயலி வைத்திருந்தேன். தினமும் செய்தால் நட்சத்திரம் தரும், தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணிக்கையும் காட்டும். காய்ச்சலில் ஒரு நாள் விட்டுப்போனது, எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டது. அதோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, நான் அதைத் தாண்டியும் இருந்தேனே?
- ஐ.டி. ஊழியர், ஆண்

பதில்: இந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக 'குறைந்தது சுமார் 21 நாள்' ஆகிறது என்று 1960-இல் எழுதினார். புது மூக்குக்குப் பழகுவதைப் பற்றி அவர் சொன்னது, வாய் வழியாகப் பரவிப் பரவி, 'குறைந்தது' என்பதும் உதிர்ந்து, உலகத்தில் உள்ள எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துப் பார்த்தபோது, ஒரு காரியம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். உங்களுக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்து வருகிறது: நடுவில் ஒரு நாள் தவறவிட்டதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. உங்கள் உடம்பு அந்த ஒரு நாளை மன்னித்துவிட்டது, செயலிதான் மன்னிக்கவில்லை.

நட்சத்திரத்துக்கு வருவோம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். இரண்டாவது குழுவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுக்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். முன்பு ஆசையாக வரைந்த அதே பிள்ளைகள்! நட்சத்திரம் நின்றதும் நீங்களும் நின்றுபோனதில் ஆச்சரியம் இல்லை.

செயலியை நீக்கிவிடுங்கள், அல்லது குறைந்தபட்சம் அதன் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். எண்ணாமல் இருக்கவே முடியாது என்றால் (சிலரால் முடியாது, எனக்குத் தெரியும்) ஒரு கண்ணாடி ஜாடி வையுங்கள். செய்த நாளில் ஒரு பட்டனோ கூழாங்கல்லோ போடுங்கள். செய்யாத நாளில் போடாதீர்கள், எடுக்கவும் செய்யாதீர்கள். இதுவும் கணக்குதானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் காய்ச்சல் வந்தாலும் இந்த ஜாடி காலியாகாது.

கேள்வி: எனக்கு 67 வயது. தினமும் நடைப்பயிற்சி போகிறேன், அது போதும் என்று நினைக்கிறேன். மகள் அனுப்பும் வீடியோக்களில் பெரியவர்கள் பலூன் தட்டுகிறார்கள், ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். சின்னப் பிள்ளைத்தனமாக இல்லையா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர்

பதில்: இருக்கிறதுதான் ஐயா, அதனாலேயே மனிதர்கள் அதை மறுநாளும் செய்கிறார்கள். நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பதோடு முடிக்கவில்லை. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது, கீழே விழுவதைத் தடுக்க. நேர்கோட்டில் நடப்பது மட்டும் அதற்குப் போதாது. மகள் அனுப்பிய ஒற்றைக் கால் சமாசாரம் கிட்டத்தட்ட அதுதான்.

ஒரு கையால் சமையல் மேடையையோ கனமான மேசையையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, மனதுக்குள் ஒரு பழைய செய்யுளை முழுதாகச் சொல்லி முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் எந்த அடியில் தடுமாறினீர்கள் என்பது நாளைய பந்தயம். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. தலைசுற்றலோ முன்பு விழுந்த அனுபவமோ இருந்தால் மட்டும், இதில் இறங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. எனக்கென்று நேரம் என்ற பேச்சே கிடையாது. குழந்தையோடுதான் நாள் முழுக்க விளையாடுகிறேனே, அதையே செல்ஃப் கேர் என்று வைத்துக்கொள்ளலாமா?
- இளம் தாய்

பதில்: சில நேரம் வைத்துக்கொள்ளலாம், எப்போதும் முடியாது. முப்பதாவது முறையாக அதே பொம்மையைத் தூக்கிப் பிடிக்கும்போது குழந்தைக்கு விளையாட்டு, உங்களுக்கு டூட்டி. வித்தியாசம் உங்களுக்கே தெரியும், வெளியே சொல்லத்தான் கூச்சம். அதனால் ஆட்டத்தை உங்களுக்குச் சாதகமாகக் கொஞ்சம் வளையுங்கள். நீங்கள் தரையில் குப்புறப் படுத்துக்கொள்ளுங்கள், உங்கள் முதுகு ரோடு, குழந்தை அதில் கார் ஓட்டட்டும். கார் எவ்வளவு அழுத்தி ஓடுகிறதோ அவ்வளவு நல்லது. 'அம்மா தூங்கும் பூதம்' என்று ஓர் ஆட்டம் வையுங்கள், பூதம் கண் திறக்கும் வரை குழந்தை பக்கத்திலேயே உட்கார்ந்து சத்தம் போடாமல் காவல் காக்க வேண்டும். அரை நிமிடம் கிடைத்தாலே அதிகம், இருந்தாலும் அரை நிமிடம் அரை நிமிடம்தான். ஆனால் உண்மையாகவே உங்களுக்கு வேண்டியது குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை. அதை வீட்டில் உள்ளவர்களிடம் விளையாட்டாகக் கேட்காதீர்கள், நேராகவே கேளுங்கள்.

கேள்வி: முன்பு பாட்டு, ஓவியம் எல்லாம் பிடிக்கும். இப்போது எதுவும் பிடிக்கவில்லை. சும்மா சந்தோஷமாக இரு என்கிறார்கள். விளையாடிப் பார்த்தால் சரியாகிவிடுமா?
- கல்லூரி மாணவி

பதில்: இதற்கு விளையாட்டை மருந்தாகக் கொடுக்க மாட்டேன். பிடித்தது எல்லாம் பிடிக்காமல் போவதும், மனம் கனத்துக் கிடப்பதும் இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். டாக்டரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள், அதற்குச் சிகிச்சை உண்டு. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள். ஓவியம் வராததற்கு உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். அது சோம்பேறித்தனம் கிடையாது.

கேள்வி: செய்ய ஆசைதான், ஆனால் ஞாபகமே வருவதில்லை. காலையில் செய்வது நல்லதா, இரவிலா?
- வாசகர்

பதில்: நேரம் பார்க்காதீர்கள், ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு காரியத்தின் வாலில் கட்டிவிடுங்கள். 'சாயங்காலம் எப்போதாவது' என்று வைத்தால் அது வரவே வராது. 'வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும்' என்று வைத்தால் வரும். இப்படி 'இது நடந்தால் உடனே அது' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வெறும் ஆசையைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதை பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பகடையைச் செருப்பு வைக்கும் இடத்திலேயே வையுங்கள், அலமாரிக்குள் வைத்தால் மறந்துபோகும். அலாரம் வைக்காதீர்கள், கொஞ்ச நாளில் அதை அணைப்பதில்தான் கை தேர்ந்திருக்கும். படுக்கையில் விழுந்த உடனே தூங்கிவிடுகிற ரகம் என்றால் இரவைத் தொடவே தொடாதீர்கள், தூக்கம் அதைவிட நல்ல செல்ஃப் கேர்.