வயசு 2,191 வாரம், கடன் பத்து வாரம்

கேள்வி: ஈரோட்டுல ஒரு மில்லுல சூப்பர்வைசரா இருக்கேன், வயசு 42. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருத்தர் வாழ்க்கையை வார வாரமா கட்டம் போட்ட சார்ட் காட்டி, முடிஞ்சதையெல்லாம் கருப்பா அடிச்சார். அதுல இருந்து தூக்கமே இல்லைங்க. மியூச்சுவல் ஃபண்டுல வாரம் 2,500 தவணையா போடுற எஸ்ஐபி ஆரம்பிச்சுட்டேன், வருஷம் ஒரு லட்சம் கட்டுற பென்ஷன் பிளானும் எடுக்கலாமா? மச்சினனோட ஜவுளிக் கடைக்காக மூணு வருஷமா என் பேர்ல 50,000 வாரக் கடன் ஓடுது, அது சின்ன விஷயம்தான்.

பதில்: அந்த சின்ன விஷயத்தைத்தான் இப்ப பேசணும். சார்ட்டுல கணக்கு தப்பில்ல, 42 வருஷம்னா 15,340 நாள், ஏழால வகுத்தா 2,191 வாரம், 58 வரைக்கும் இன்னும் 835 வாரம் சம்பளம் வரும். ஆனா பயமுறுத்தி பாலிசி விக்கிறதுக்கு அந்த கட்டம் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல. அந்த மாதிரி பிளான்ல வருமானம் அஞ்சாறு சதவீதம் தாண்டுறதே அபூர்வம், வேண்டாம். ஏற்கனவே கையெழுத்து போட்டுட்டீங்கன்னா பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள்ள திருப்பி அனுப்பிடலாம்.

இப்ப வாரக் கடனுக்கு வாங்க. 6,000 புடிச்சுட்டு 44,000 கையில தர்றாங்க, வாரம் 5,000 வீதம் பத்து வாரம், அதானே? 12 சதவீதம்தானேன்னு நினைச்சுட்டு இருப்பீங்க. முதல் வாரத்துல இருந்தே திருப்பிக் கட்டுறதால சராசரியா 22,000 தான் உங்க கையில நிக்குது, அதுக்கு பத்து வாரத்துல 6,000 போகுது, வருஷக் கணக்குல பாத்தா நூறு சதவீதத்துக்கு மேல. எந்த எஸ்ஐபி இதைத் தாண்டும் சொல்லுங்க? ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு வருஷத்துக்கு அஞ்சு ரவுண்டு, 30,000 காலி, மூணு வருஷத்துல 90,000. அதே 30,000 வருஷா வருஷம் போட்டு 10 சதவீதம் கிடைச்சா 58 வயசுல தோராயமா பத்து லட்சம்.

மச்சினனுக்கு செவ்வாய்க்கிழமை சந்தை முடிஞ்சாதான் கையில காசு, புதன்கிழமை வசூல்காரர் உங்க வாசல்ல. யாவாரம் டல்லான வாரமெல்லாம் உங்க சம்பளத்துலதான் போயிருக்கும், வீட்ல சண்டை வரக்கூடாதுன்னு நீங்களும் சொல்லிருக்க மாட்டீங்க.

நடக்குற ரவுண்டோட நிறுத்துங்க, பாதியில பாக்கியைக் கழிச்சு புதுசு தர்றேன்னு வசூல்காரர் ஆசை காட்டுவார், வேண்டாம்னுருங்க. எஸ்ஐபியை 18 வாரம் நிறுத்தி வெச்சா 45,000 சேருது, அதை மச்சினன் கையில ஒரே தடவை குடுங்க, திரும்பி வராதுன்னு மனசைத் தேத்திக்கிட்டே குடுங்க. அதுக்கு மேல வேணும்னா சின்ன யாவாரத்துக்கு மத்திய அரசோட முத்ரா திட்டத்துல சிசு கடன் 50,000 வரைக்கும் அடமானம் இல்லாம கேக்கலாம், அவர் பேர்ல அவரே பேங்குக்கு அலையட்டும். இதை அவர்கிட்ட நீங்க சொல்றதை விட அவரோட அக்கா, அதான் உங்க வீட்டம்மா சொன்னா எடுபடும்.

அப்புறம் எஸ்ஐபியை மாசமாவே மாத்திக்குங்க. வாரா வாரம் போடுறதுல பெருசா லாபம் ஒண்ணும் இல்ல, வருஷத்துக்கு 52 தனித்தனி வாங்கல்னு விக்கிற நேரத்துல ஆடிட்டர்தான் திட்டுவார்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, கடைசி தவணை வாங்க வர்ற புதன்கிழமை, நீங்க கையெழுத்து போட்டுக் குடுத்த வெத்து செக்கும் ப்ரோநோட்டும் கைக்கு வராம அந்த 5,000த்தை நீட்டாதீங்க.