ஒன்பது டிகிரி வெயிலில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதானே: நவம்பரில் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் வந்தீர்கள், மூன்று வயது மகள், ஒரு கைக்குழந்தை, குளிர்காலம் முழுக்க மனைவி வீட்டுக்குள்ளேயே, இப்போது மார்ச் பிறந்து வெயில் அடிக்கிறது, போனைப் பார்த்தால் 9 டிகிரி, அம்மா ஊரிலிருந்து "பச்சப்புள்ளயக் காத்துல கொண்டு போகாத" என்கிறார்கள், ஜன்னல் வழியே பார்த்தால் ஊரே தெருவில் நிற்கிறது, போகலாமா வேண்டாமா. போங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். துணி துவைப்பது, வீடு கூட்டுவதையெல்லாம் மழை நாளில் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு இங்கே பஞ்சமில்லை.

நான் பாம்பன்காரி, நமக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். அந்த 9 டிகிரியை விடுங்கள், காற்றைப் பாருங்கள். வாடை அடிக்கிற மாதங்களில் வடகடல் கொந்தளித்துக் கிடக்கும், தீவின் அந்தப் பக்கம் தென்கடல் சாதுவாக இருக்கும், எந்தப் பக்கம் அடங்கியிருக்கிறது என்று பார்த்துப் போவது நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. இங்கேயும் அந்தக் கண்ணுதான் வேண்டும். மேகமே இல்லாமல் பளிச்சென்று விடிகிற மார்ச் நாளில் பல நேரம் கிழக்குக் காற்று சில்லென்று வரும், அது படுகிற பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார முடியாது, அதே இடத்தில் தெற்குப் பார்த்த ஒரு சுவர் ஓரம் கிடைத்தால் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு உட்காரலாம்.

போன ஞாயிறு நாங்கள் மாக்ஸ் ஐத் ஏரிக்குப் போயிருந்தோம். ஸ்டாட்பான் (நகர ரயில்) நிறுத்தம் ஏரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளை வண்டியோடு போக வசதி. பக்கத்தில் நெக்கர் ஆற்றை ஒட்டிச் சரிவில் திராட்சைத் தோட்டம், அடுக்கடுக்காகக் கல் சுவர், வெயில் பட்ட கல்லில் கை வைத்தால் இளஞ்சூடு. அங்கே ஒரு மரத்தின் நிழலுக்குள் குட்டைத் தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரி பனிக்கட்டி, என் மகன் குச்சியால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு நாலு எட்டு தள்ளி வெயிலில் ஸ்வெட்டரோடு மட்டும் நின்றேன், என் காலடியில் ஊதா குரோக்கஸ் பூ விரிந்து கிடந்தது. நிழலுக்கும் வெயிலுக்கும் அவ்வளவு வித்தியாசம். அதனால் உடுப்பை நிழலுக்குத் தகுந்த மாதிரி போட்டுவிடுங்கள், வெயிலுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஒரே தடித்த ஜாக்கெட்டை விட மெல்லிசாக மூன்று அடுக்கு நல்லது. பிள்ளை ஓடி விளையாடி வியர்த்துவிட்டு நிற்கும்போதுதான் குளிர் ஏறும், உள்பனியன் ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள். கை சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், பிடரியைத் தொட்டுப் பாருங்கள், அங்கே கதகதப்பாக இருந்தால் பிள்ளைக்குக் குளிரவில்லை.

ஒன்று முக்கியம். வெயில் வந்துவிட்டதே என்று கைக்குழந்தைக்குக் கொடுக்கிற வைட்டமின் டி-யை நிறுத்திவிடாதீர்கள். மார்ச் 20 வாக்கில் மண்டபத்தில் உச்சிச் சூரியன் 80 டிகிரி உயரத்துக்கு வரும், ஏறக்குறைய தலைக்கு மேலே. இங்கே அதே நாளில் 41 டிகிரி உயரம்தான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த ஊர் வெயிலில் நம் உடம்பு வைட்டமின் டி போதுமான அளவு செய்துகொள்ளாது, நம் தோல் நிறத்துக்கு இன்னும் கஷ்டம். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயில் இதற்கு உதவவே உதவாது. கைக்குழந்தைகளுக்கு இரண்டாவது கோடை தொடங்கும்வரை கொடுக்கச் சொல்வார்கள், உங்கள் மனைவிக்கும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

புல்லில், புதரில் விளையாடிவிட்டு வந்தால் அன்று இரவே உண்ணி பாருங்கள்: காதுக்குப் பின்னால், முடியோரம், அக்குள், தொடையிடுக்கு. ஏழு டிகிரி வந்தாலே அவை நடமாட ஆரம்பித்துவிடும். உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கு ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஏறக்குறைய முழுக்கவே ஆபத்துப் பகுதியாகத்தான் வருகிறது, மகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி அடுத்த முறை போகும்போது பேசிவிடுங்கள்.

அப்புறம் உங்கள் மனைவி. திரைச்சீலையைக்கூட விலக்குவதில்லை என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. டிசம்பரில் நாலரைக்கே சூரியன் போய்விடும். வருஷம் முழுக்க ஆறு, ஆறரைக்கு அஸ்தமனம் பார்த்து வளர்ந்த நம்மை அது உள்ளுக்குள் என்னவோ செய்துவிடும். இந்த முதல் வெயிலில் இங்கத்து மனுஷர்களே வேறு ஆளாகிவிடுவார்கள். குளிர்காலம் முழுக்கத் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போன எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி, வாசல் வெயிலில் நின்று என்னோடு அரை மணி நேரம் பேசினார், பேரப்பிள்ளைகள் படமெல்லாம் காட்டினார். பேச ஒரு ஆள் கிடைக்கிற பருவம் இது. உங்கள் மனைவிக்கு ஜெர்மன் வராவிட்டாலும் பரவாயில்லை, குழந்தையோடு வெயிலில் நின்றால் போதும், யாராவது வந்து பேசுவார்கள்.

ஞாயிறு கடை கிடையாது என்று தெரிந்திருக்கும், பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கி வைத்துப் புளிச்சோறு கிண்டிக்கொள்ளுங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். பிளாஸ்கில் டீ. பூங்காவில் நம் சாப்பாட்டைத் திறக்கக் கூச்சப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, அங்கே இப்போது முண்டு மிளகாய் காய்கிற வெயில், நிழலைத் தேடி ஓடுகிற மாதம். பூங்காவிலிருந்தே வீடியோ கால் போட்டு மகள் ஓடுவதைக் காட்டுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், அப்புறம் ஏழே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும், வேலை முடிந்து வந்துகூட ஒரு சுற்றுப் போய்வரலாம்.

சேறு நிறைய இருக்கும், மகளுக்கு ரப்பர் பூட்ஸ் இல்லாமல் போகாதீர்கள். என் மகன் போட்டது 25, 26 அளவில் நல்லதாகவே இருக்கிறது, கால் அளவு சொன்னால் சனிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.